தண்ணீருக்கு முன்னால் வர வேண்டிய சேதி

2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் சுன்சரி மாவட்டத்தில், குசகா என்ற ஊருக்கு அருகே, கோசி ஆற்றின் கிழக்குக் கரை உடைந்தது. அன்றைக்கு ஆற்றில் பெரிய வெள்ளம் ஒன்றும் இல்லை. விநாடிக்குச் சுமார் 1.44 லட்சம் கன அடி போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து 12 கிலோமீட்டர் கீழே இருக்கும் கதவணை, 9.5 லட்சம் கன அடியைக் கடத்திவிடும் கணக்கில் கட்டப்பட்டது. அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத தண்ணீருக்கே கரை போய்விட்டது.

உடைப்பெடுத்த ஆறு தன் போக்கையே மாற்றிக்கொண்டது. கரைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த கோசி, எப்போதோ விட்டுவந்த பழைய தடங்களைப் பிடித்து, கிழக்கே நூறு கிலோமீட்டர் அளவுக்கு விலகி ஓடியது. பீகாரில் சுபௌல், மதேபுரா, அராரியா, சகர்சா, பூர்ணியா மாவட்டங்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். நேபாளத்தில் சுமார் 50,000 பேர் வீடிழந்தார்கள். அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் ஹெலிகாப்டரில் பார்த்துவிட்டு, இது தேசியப் பேரிடர் என்று அறிவித்தார்.

இந்தச் சம்பவத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு விஷயம் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. குசகாவில் அரிப்பு ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. கரையைக் காக்க ஆற்றுக்குள் நீட்டிக் கட்டியிருந்த கல்கட்டுகளைத் தண்ணீர் தின்றுகொண்டிருந்ததை அங்கே இருந்தவர்கள் பார்த்தார்கள். கரை உடைய இரண்டு வாரம் எடுத்திருக்கிறது. மதேபுராவின் உள்ளூர்களுக்கு வெள்ளம் போய்ச் சேர அதற்கு மேலும் நாட்கள் ஆயின. இவ்வளவு அவகாசம் இருந்தும், லட்சக்கணக்கான வீடுகளுக்குச் சேதிக்கு முன்னால் தண்ணீர் வந்தது.

கோசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எவரெஸ்ட் பக்கத்துப் பனியும் கஞ்சன்ஜங்காவின் மேற்குப் பக்கப் பனியும் உருகி இந்த ஆற்றில்தான் இறங்குகிறது. திபெத்தில் பிறந்து வரும் அருண், நேபாளத்தின் சுன்கோசி, தமூர் என்று ஏழு ஆறுகள் சேர்வதால் நேபாளத்தில் இதற்குச் சப்தகோசி என்று பெயர். சத்ரா என்ற இடத்தில் மலையை விட்டு இறங்கியதும் சமவெளி. வேகம் குறைகிறது, சுமந்து வந்த மண்ணை ஆறு அங்கேயே கொட்டுகிறது. உலகத்திலேயே அதிகமாக வண்டல் சுமக்கும் ஆறுகளில் ஒன்று இது. தான் கொட்டிய மண் தன் வழியையே அடைப்பதால், கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் கோசி மேற்கு நோக்கி நூறு கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கிறது. இப்படி அலையும் ஆற்றை 1950களில் இரண்டு கரைகளுக்கு நடுவே நிறுத்திவைத்தார்கள். மண் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. இன்றைக்குப் பல இடங்களில் கரைக்கு வெளியே இருக்கும் வயலைவிட ஆற்றின் படுகை உயரத்தில் இருக்கிறது.

1954 ஏப்ரல் 25 அன்று இந்தியாவும் நேபாளமும் கோசி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1966 டிசம்பரில் அதைத் திருத்தினார்கள். நேபாள மண்ணில் கதவணை. நிலம் 199 ஆண்டுக் குத்தகை. கட்டுவது, பராமரிப்பது, கதவுகளை இயக்குவது எல்லாம் இந்தியா, நடைமுறையில் பீகார் அரசின் நீர்வளத் துறை. 1959இல் நேபாள மன்னர் மகேந்திரா அடிக்கல் நாட்டினார். தங்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை நேபாளிகளுக்கு அன்றிலிருந்து இன்றுவரை இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது.

2008இல் கரை உடைந்தபோது நடந்தது என்ன? பராமரிக்க வேண்டியது இந்தியா என்று காத்மாண்டு சொன்னது. வேலை செய்ய விடாமல் உள்ளூரில் தடுத்தார்கள் என்று இந்தியத் தரப்பு சொன்னது. இரண்டு நாட்டு அதிகாரிகளும் உட்காரும் கூட்டுக் குழுக்கள் இருக்கத்தான் செய்தன. கரை, கதவு, குத்தகை எல்லாவற்றுக்கும் ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. ஆபத்து என்றால் கீழே இருக்கும் கிராமத்துக்கு யார், எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, வேலை விஷயமாகப் பாட்னா போனபோது கூடுதலாக விடுப்பு எடுத்துக்கொண்டு சுபௌல் பக்கம் போனேன். கூட வந்த நண்பர் அந்த மாவட்டத்துக்காரர். ஒரு வயலோரத்தில் வண்டியை நிறுத்தினார். வயல் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது, பார்வைக்கு ஆற்றுமணல் திட்டு மாதிரி இருந்தது. வெயிலில் மணலில் கலந்திருந்த மைக்காத் துகள்கள் மினுக்கின. அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர் மண்வெட்டியால் வெட்டிக் காட்டினார். முழங்கை ஆழத்துக்கு மணல், அதற்குக் கீழேதான் கறுப்பாகப் பழைய மண் தெரிந்தது. நெல்லும் கோதுமையும் விளைந்த பூமி. மணலை அள்ளிப் போட ஆகிற கூலியை அந்த வயல் பல வருடம் விளைந்தாலும் தராது என்றார்.

அவருடைய அம்மா மரநிழலில் உட்கார்ந்திருந்தார். மைதிலியில் பேசினார், நண்பர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன்.

"கரை கட்டின பிறகு கோசி மையா இந்தப் பக்கம் வரவே மாட்டான்னு எங்க மாமனார் சொல்லுவார் பாபு. அந்த நம்பிக்கையிலதான் வீடு கட்டினோம். என் வயசுல நான் இந்த ஊர்ல கோசியைப் பார்த்ததே இல்லை."

கரை உடைந்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மகளை நேபாளத்துல கட்டிக்கொடுத்திருக்கு. அவதான் போன் பண்ணினா. 'அம்மா, கரை போயிடுச்சு. மாட்டை அவிழ்த்து விட்டுட்டுக் கிளம்பு, சாமானைப் பார்க்காதே'ன்னா. நான்தான் அக்கம்பக்கத்துல போய்ச் சொன்னேன். பாதிப் பேர் நம்பலை."

மிதிலைப் பகுதியில் எல்லைக்கு இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். ரோட்டி பேட்டி உறவு என்பார்கள். சோறும் பெண்ணும் எல்லை தாண்டிப் போய்வரும் உறவு. பாஸ்போர்ட் இல்லாமல் கடக்கிற எல்லை அது. இரண்டு அரசாங்கங்களும் செய்யாத வேலையை அந்த வீட்டுக்குச் சம்பந்தி உறவு செய்திருக்கிறது. எல்லை தாண்டிப் பெண் கொடுக்காத வீடுகள் என்ன செய்திருக்கும் என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து கதவணைக்கும் போனோம். ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளம், 56 கதவுகள். நேபாளத்தின் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையே அதன் மேல்தான் போகிறது. லாரிகள் ஓட, ஓரத்தில் ஆற்றுமீன் வறுத்து விற்கிறார்கள். அந்த இடத்தில் நின்று பார்த்தால் பீகாரில் மழைக்காலம்தோறும் கேட்கிற ஒரு வாக்கியம் எவ்வளவு தவறு என்று புரியும். 'நேபாளம் தண்ணீரைத் திறந்துவிட்டது' என்று செய்தி வரும், தலைவர்கள் பேசுவார்கள், மக்களும் அப்படியே நம்புகிறார்கள். கோசியில் தண்ணீரைத் தேக்கிவைத்துத் திறந்துவிட நேபாளத்திடம் பெரிய அணை எதுவுமே இல்லை. இருப்பது இந்தக் கதவணை ஒன்றுதான், அதன் கதவுகளை இயக்குவது பீகார் பொறியாளர்கள். அந்தப் பக்கம் சப்தரி, சுன்சரி மக்களோ, இந்தியா கதவை மூடிவைத்து எங்களை மூழ்கடிக்கிறது என்கிறார்கள். மழை எங்கே பெய்கிறது, ஆறு எவ்வளவு உயர்ந்திருக்கிறது, எத்தனை கதவு திறந்திருக்கிறது என்பது இரண்டு பக்கத்துக்கும் மணிக்கு மணி தெரிந்திருந்தால் இந்தச் சந்தேகத்துக்கு இடம் எங்கே இருக்கிறது?

இதே ஆற்றில் எல்லாம் சரியாக நடந்த ஒரு சமயமும் உண்டு. 2014 ஆகஸ்ட் 2 அதிகாலையில் நேபாளத்தின் சிந்துபால்சோக் மாவட்டத்தில் ஜுரே என்ற இடத்தில் ஒரு மலைச்சரிவு அப்படியே இடிந்து சுன்கோசியில் விழுந்தது. 156 பேர் இறந்தார்கள். ஆறு அடைபட்டு, பின்னால் ஏரி மாதிரி தண்ணீர் தேங்கத் தொடங்கியது. அந்த மண் அணை ஒரேயடியாக உடைந்தால் பீகார் வரை அடித்துக்கொண்டு போகும். இந்த முறை சேதி உடனே டெல்லிக்கும் பாட்னாவுக்கும் வந்தது. நேபாள ராணுவம் வெடிவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்கு வழிவிட்டது. பீகாரில் தேசியப் பேரிடர் மீட்புப் படை இறங்கியது. கரைகளுக்கு நடுவே இருக்கும் கிராமங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கானவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். பயந்த அளவுக்கு வெள்ளம் வரவில்லை. செப்டம்பர் 7 அன்று அந்த ஏரி உடைத்துக்கொண்டு போனபோதும் பீகாரில் பெரிய சேதம் இல்லை.

வீணாக அலைக்கழித்துவிட்டார்கள் என்று அப்போது சிலர் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு அது வீணாகத் தெரியவில்லை. வராத வெள்ளத்துக்காக நாலு நாள் பள்ளிக்கூடத்தில் அவலும் வெல்லமும் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பலாம். சொல்லாமல் வந்த வெள்ளத்திலிருந்து திரும்ப முடியாது.

சின்ன ஆறுகளில் இன்னும் எளிதாக நடந்திருக்கிறது. ரது கோலா என்று ஒரு காட்டாறு. நேபாளத்தின் சுரே மலையில் தொடங்கி மகோத்தரி மாவட்டம் வழியாகப் பீகாரின் சீதாமடி மாவட்டத்துக்குள் இறங்குகிறது. காத்மாண்டுவில் இருக்கும் இசிமோட் என்ற மலைவளர்ச்சி ஆய்வு மையம், உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து இந்த ஆற்றில் ஒரு ஏற்பாடு செய்தது. மேலே ஆற்றில் நீர்மட்டத்தை உணரும் ஒரு கருவி. மட்டம் ஏறினால் அது அந்த ஊரில் பொறுப்பெடுத்துக்கொண்ட ஒருவர் வீட்டில் ஒலியெழுப்பும். அவர் ஆற்றைப் பார்த்துவிட்டு, எல்லைக்கு இந்தப் பக்கம் பிட்டாமோட் பகுதியில் இருப்பவருக்குப் போன் செய்வார். இவர் ஊரைக் கூட்டுவார். கீழே இருப்பவர்களுக்குச் சில மணி நேரம் கிடைக்கிறது. மாட்டைக் கரையேற்றவும், நெல் மூட்டையைப் பரணில் போடவும், வயதானவர்களைத் தூக்கிக்கொண்டு போகவும் அது போதும். இதே மாதிரி ஏற்பாட்டை இசிமோட் அதற்கு முன் அசாமில் ஜியாதல், சிங்கோரா ஆறுகளில் ஆரண்யக் அமைப்போடு சேர்ந்து செய்து, 2014இல் ஐநா காலநிலை அமைப்பின் விருதும் வாங்கியது.

நான் கடலூர்க்காரன். 2024 டிசம்பரில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் எங்கள் பக்கத்துக்கு எப்படித் தெரிந்தது என்றால், அறிவிப்புகள் ஒருபுறம் இருக்க, எங்கள் வீட்டை எழுப்பியது திருக்கோவிலூரிலிருந்து அத்தை மகன் செய்த போன். "அண்ணே, இங்க பாலத்தைத் தொட்டுக்கிட்டுப் போகுது. உங்களுக்கு எப்ப வரும்னு தெரியல, வண்டியை எல்லாம் மேட்டுல ஏத்திடுங்க" என்றான். அவன் கண்ணால் பார்த்துச் சொன்னதால் உடனே நம்பினோம். ரது கோலா ஏற்பாட்டின் பலமும் அதுதான். கருவி சொல்வதை ஆள் சரிபார்த்து, தெரிந்த ஆளுக்குச் சொல்கிறார்.

ஆனால் அன்பாலும் உறவாலும் மட்டும் ஒரு பெரிய ஆற்றைச் சமாளிக்க முடியாது. கோசியின் தலைப்பகுதி திபெத்தில் இருக்கிறது. அங்கே யாருக்கு யார் சம்பந்தி? 1981 ஜூலையில் திபெத்தில் ஒரு பனி ஏரி உடைந்து, எல்லையில் இருந்த நட்புப் பாலத்தை அடித்துக்கொண்டு சுன்கோசி வழியாக நேபாளத்துக்குள் இறங்கியது. நாற்பது ஆண்டுக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2025 ஜூலை 8 அன்று, திரிசூலி ஆற்றோடு போய்ச் சேரும் போட்டேகோசி என்ற வேறொரு ஆற்றில், ரசுவாகடி என்ற இடத்தில், அதே கதை. திபெத் பக்கத்தில் பனியாற்றின் மேல் தேங்கியிருந்த ஏரி வடிந்து வந்து, நேபாள சீன எல்லையில் இருந்த நட்புப் பாலத்தைக் கொண்டுபோய்விட்டது. எல்லைச் சாவடியில் நின்ற வண்டிகள் போயின, உயிர்களும் போயின. மேலேயிருந்து முன்னெச்சரிக்கை எதுவும் வரவில்லை. இரண்டு பாலத்துக்கும் நட்பின் பெயரையே வைத்திருந்தார்கள்.

பிரம்மபுத்திராவில் ஒரு ஏற்பாடு இருந்தது. 2000 ஏப்ரலில் திபெத்தின் யிகோங் ஆற்றில் மலை சரிந்து அடைபட்டு, ஜூன் மாதம் அது உடைந்து அருணாசலப் பிரதேசத்தைத் தாக்கியது. ஊர்கள் போயின, உயிர்கள் போயின. முன்கூட்டிச் சொல்ல எந்த வழியும் அப்போது இல்லை. அதற்குப் பிறகு 2002இல் இந்தியாவும் சீனாவும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. திபெத்தில் நுகேஷா, யாங்சுன், நுஷியா என்ற மூன்று நிலையங்களின் நீர்மட்டமும் மழையளவும் வெள்ளக் காலத்தில் இந்தியாவுக்கு வரும். இந்தியா அதற்குப் பணம் கட்டும். 2017இல் டோக்லாமில் இரண்டு ராணுவங்களும் முறைத்துக்கொண்டு நின்ற வருடம் மட்டும் அந்தத் தகவல் வரவில்லை. நிலையங்களைப் புதுப்பிக்கிறோம் என்று சீனா காரணம் சொன்னது. அடுத்த வருடம் மறுபடி வந்தது. அப்புறம் 2023இல் ஒப்பந்தமே காலாவதியாகிவிட்டது.

2025 ஆகஸ்டில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யி டெல்லி வந்தபோது, அவசரக் காலங்களில் மனிதாபிமான அடிப்படையில் ஆற்றுத் தகவல் தருவதாகச் சீனா ஒப்புக்கொண்டது. அதே வாரத்தில் ஜம்முவில் தாவி ஆறு பெருக்கெடுத்தது. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு சிந்து நதி ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்திருந்ததால், வழக்கமாகத் தகவல் போகும் வழி மூடிக்கிடந்தது. ஆகஸ்ட் 24 அன்று இஸ்லாமாபாத்தில் இருக்கும் இந்தியத் தூதரகம் வழியாகப் பாகிஸ்தானுக்கு எச்சரிக்கை போனது. அதுவும் மனிதாபிமான அடிப்படையில்தான்.

அந்த எச்சரிக்கையை அனுப்பியதற்காக நான் பெருமைப்படுகிறேன். அவ்வளவு பகைக்கு நடுவிலும் அது போனது. அந்தப் பக்கம் சியால்கோட்டில் எத்தனையோ குடும்பங்களுக்கு அது உதவியிருக்கும். ஆனால் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தபோது பதறியது. ஒரே வாரத்தில் நாம் ஒரு ஆற்றுக்குக் கீழ்க்கரைக்காரர்கள், இன்னொரு ஆற்றுக்கு மேல்கரைக்காரர்கள். இரண்டு இடத்திலும் வெள்ளச் சேதி கருணையாகத்தான் கைமாறுகிறது. கருணை என்றால் இந்த வருடம் இருக்கும், அடுத்த வருடம் மனஸ்தாபம் வந்தால் இருக்காது. டோக்லாமில் நடந்தது அதுதான். அசாமில் பரிசலில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நிற்கும் தாய்க்கும் டோக்லாம் பீடபூமிக்கும் என்ன சம்பந்தம்? தண்ணீரைப் பங்கிடுவதில் நாடுகள் சண்டை போடட்டும், நீதிமன்றம் போகட்டும். வெள்ளம் வருகிறது என்று சொல்வதை அந்தச் சண்டையிலிருந்து முழுக்கப் பிரித்து எடுத்துவிட வேண்டும். போர்க்களத்தில் ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவதற்கு எழுதிவைத்த சட்டம் இருக்கிறதல்லவா, அதே மாதிரி இதுவும் எழுதப்பட்ட கடமையாக வேண்டும்.

கடமையாக இருந்தாலும் கருவியும் கம்பியும் கைகொடுக்க வேண்டும் என்பதற்கு 2024 ஆகஸ்ட் ஒரு பாடம். திரிபுராவில் கொட்டிய மழையில் கோமதி ஆறு பெருகி, வங்கதேசத்தின் கிழக்கு மாவட்டங்கள் மூழ்கின. தும்பூர் அணையைத் திறந்துவிட்டு எங்களை மூழ்கடித்தது இந்தியா என்று டாக்காவில் பெரிய கோபம் கிளம்பியது. இந்திய வெளியுறவு அமைச்சகம் ஒரு விளக்கம் கொடுத்தது. அந்த அணை எல்லையிலிருந்து 120 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, சின்ன அணை என்று விளக்கிவிட்டு, இன்னொன்றும் சொன்னது. அமர்பூர் நிலையத்திலிருந்து வங்கதேசத்துக்கு நீர்மட்டத் தகவல் ஆகஸ்ட் 21 பிற்பகல் 3 மணி வரை போனது; மாலை 6 மணிக்கு வெள்ளத்தால் மின்சாரம் போய், தகவல் தொடர்பில் சிக்கல் ஏற்பட்டது. எந்த நேரத்துக்காக அந்த ஏற்பாடு வைத்திருக்கிறோமோ, சரியாக அந்த நேரத்தில் கரண்ட் இல்லை. இந்தியா வங்கதேசக் கூட்டு ஆறுகள் ஆணையம் 1972இல் தொடங்கியது. அரை நூற்றாண்டு ஒத்துழைப்பு ஒரு மாற்று மின் இணைப்பு இல்லாமல் முக்கியமான சில மணி நேரங்களில் ஊமையாகிவிட்டது. அந்த மௌனத்தை வதந்தி நிரப்பியது.

கடலில் இதை நாம் செய்து காட்டியிருக்கிறோம் என்பதுதான் எனக்கு ஆதங்கம். 2004 டிசம்பர் 26 காலை 6.29க்கு சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது. எங்கள் தேவனாம்பட்டினத்துக்கு அலை வந்தபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி மையம் நிலநடுக்கத்தைப் பதிவு செய்துவிட்டது. இந்தியப் பெருங்கடல் நாடுகளில் யாரிடம் சொல்வது என்று ஒரு ஏற்பாடு இல்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் சுமார் 600 பேர் போனார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள் அதில் உண்டு. அதன் பிறகு யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் முன்னின்று இந்தியப் பெருங்கடலுக்கு ஒரு எச்சரிக்கை அமைப்பை உருவாக்கியது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையத்தில் 2007இல் சுனாமி எச்சரிக்கைப் பிரிவு தொடங்கியது. 2011 முதல் ஆஸ்திரேலியா, இந்தோனேசியாவோடு சேர்ந்து, இந்தப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கெல்லாம் எச்சரிக்கை கொடுக்கும் பொறுப்பை இந்தியா ஏற்றிருக்கிறது. நட்பு நாடா பகை நாடா என்று பார்த்துச் சுனாமி எச்சரிக்கை அனுப்புவதில்லை. உப்புத் தண்ணீருக்குச் செய்ததை நல்ல தண்ணீருக்குச் செய்யாமல் இருக்கிறோம்.

ஐரோப்பாவை எடுத்துக்கொண்டால், ரைன் ஆற்றுக்கான பன்னாட்டு ஆணையத்தை 1950இலேயே தொடங்கினார்கள். ஐந்து வருடம் முன்புவரை ஒருவரை ஒருவர் குண்டு போட்டுக்கொண்டிருந்த நாடுகள்! முதலில் அது ஆற்றின் மாசைப் பற்றித்தான் பேசியது. 1993 டிசம்பரிலும் 1995 ஜனவரியிலும் ரைன் பெருகி, நெதர்லாந்தில் சுமார் 2.5 லட்சம் பேரை வெளியேற்ற வேண்டிவந்த பிறகு, 1998இல் வெள்ளத்துக்காகவே ஒரு செயல்திட்டம் போட்டார்கள். 2002இல் எல்பே, டான்யூப் வெள்ளங்களுக்குப் பிறகு ஐரோப்பா முழுவதற்கும் ஒரு வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு வந்தது. ஆனாலும் 2021 ஜூலையில் ஜெர்மனியில் 180க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பன்னாட்டு அமைப்பின் எச்சரிக்கை நாட்கள் முன்பே வந்துவிட்டது. அங்கே ஆர் (Ahr) என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் இருந்த வீடுகளுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை. அரசாங்கத்திலிருந்து அரசாங்கத்துக்குச் சேதி போனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதி பாதிக்கு ரது கோலா ஆள் மாதிரி ஒருவர் வேண்டும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. பன்னாட்டு நீர்வழிகள் பற்றிய ஐநா உடன்படிக்கை 1997இல் நிறைவேறி 2014இல் நடைமுறைக்கு வந்தது. தன் எல்லைக்குள் அவசரநிலை ஏற்பட்டால், பாதிக்கப்படக்கூடிய நாடுகளுக்குத் தாமதம் இல்லாமல், இருப்பதிலேயே வேகமான வழியில் தெரிவிக்க வேண்டும் என்று அதன் 28ஆவது பிரிவு சொல்கிறது. எனக்கு வேண்டியது முழுக்க அந்த ஒரு பிரிவில் இருக்கிறது. வாக்கெடுப்பில் சீனா எதிர்த்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் வாக்களிக்காமல் ஒதுங்கின. நேபாளமும் வங்கதேசமும் ஆதரித்தன. மேலே இருக்கிற நாடு எப்படி வாக்களிக்கும், கீழே இருக்கிற நாடு எப்படி வாக்களிக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம் என்று நினைப்போம். நேபாளம் கோசிக்கு மேல்கரைதான், இருந்தும் ஆதரித்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பீகாரில் யாரிடம் பேசினாலும் கடைசியில் கோசிக்குக் குறுக்கே நேபாளத்தின் பராகக்ஷேத்ராவில் கட்டப்போகிற உயர் அணையில் வந்து நிற்பார்கள். 269 மீட்டர் உயரம் என்கிறார்கள். விடுதலைக்கு முன்பிருந்தே பேசுகிற திட்டம். 2004இல் அதற்காகக் கூட்டு அலுவலகமும் திறந்தார்கள். நிலநடுக்கம் வரும் மலையில், இவ்வளவு வண்டல் சுமக்கும் ஆற்றில், அவ்வளவு உயர அணை என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இருப்பவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள்: அது இன்னும் பல தலைமுறைக்கு வராமலே போகலாம், வெள்ளம் வருடா வருடம் வருகிறது. 2024 செப்டம்பர் கடைசியில் காத்மாண்டு பள்ளத்தாக்கு உட்பட நேபாளத்தில் கொட்டித் தீர்த்த மழையில் அங்கே 200க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்தத் தண்ணீர் இறங்கி வந்தபோது கதவணையின் 56 கதவுகளையும் திறந்தார்கள். விநாடிக்கு 6.61 லட்சம் கன அடி, 1968க்குப் பிறகு அதுதான் அதிகம். முன்னறிவிப்பு இந்த முறை நேரத்துக்கு வந்தது. பீகார் அரசு முன்கூட்டியே ஊர்களுக்குச் சொன்னது. தர்பங்கா மாவட்டத்தின் கீரத்பூர் பகுதியில் கரை உடைந்தது. வீடு போனது, பயிர் போனது, ஆனால் 2008இன் பேரழிவு திரும்ப வரவில்லை. வந்த தண்ணீரோ 2008இல் ஓடியதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

மற்ற நாடுகள் எப்போது மனது வைக்கும் என்று காத்திருக்காமல் இந்தியா தானே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து படுகைகளின் நீரியல் விவரங்களை இந்தியா இன்றைக்கும் ரகசியமாகத்தான் வைத்திருக்கிறது. வெள்ளக் காலத்து முன்னறிவிப்புகளை மத்திய நீர் ஆணையம் இணையத்தில் போடுகிறது, நல்லது. ஆனால் அந்த முன்னறிவிப்பை இன்னும் துல்லியமாக்கத் தேவையான பல வருட அளவீடுகளைப் பாட்னாவில் இருக்கும் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரே எளிதில் வாங்க முடியாது. டாக்காவில் இருப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நேபாளத்தின் நீரியல் மற்றும் வானிலைத் துறை தன் ஆறுகளின் நீர்மட்டத்தை உடனுக்குடன் இணையத்தில் வெளியிடுகிறது. யாரும் பார்க்கலாம், நானும் மழைக்காலத்தில் அடிக்கடி சத்ரா அளவைப் பார்ப்பதுண்டு. வெள்ள மாதங்களுக்கு மட்டுமாவது எல்லை தாண்டும் ஆறுகளின் அளவீடுகளை அதே மாதிரி முழுசாகத் திறந்து வைக்க எந்த ஒப்பந்தமும் தேவையில்லை, யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. ஜல் சக்தி அமைச்சகம் தன் தகவல் கொள்கையைத் திருத்தினால் போதும், அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே செய்துவிடலாம்.